பதக்கத்தைத் தேய்க்க மறுத்த கடை

புறக்கோட்டை சிவப்புப் பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளி, துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு மரப்படிக்கட்டு மேலேறுகிறது. பெயர்ப்பலகை கிடையாது. படியின் அடியில் சாய்த்து வைத்திருக்கும் வெற்றுச் சட்டங்கள்தாம் அடையாளம். பழைய பதக்கம், நாணயம், கடிதம் ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அமைத்துக் கொடுக்கிறார்கள். வெள்ளியைக் கண்டதும் பொலிஷ் துணியைத் தேடாத ஒருவரைக் கொழும்பில் கண்டுபிடித்துவிட்டேன் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் கொண்டுபோனது அப்பப்பாவின் இம்பீரியல் சேர்விஸ் மெடல். திருகோணமலையில் இருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் பண்டகசாலையில் 1929 முதல் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். கயிறு, தார், பித்தளைத் திருகாணி என்று வந்ததையும் போனதையும் பேரேட்டில் ஏற்றுவதே வேலை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு வீசியபின், எரிந்தது எது எஞ்சியது எது என்று எண்ணி எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையின் கைக்கு வந்தபோது ஓய்வு பெற்றார்.

பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வேர்ட் 1902 இல் ஏற்படுத்திய பதக்கம் இது. மேல்நிலை அலுவலர்களுக்கு இம்பீரியல் சேர்விஸ் ஓர்டர் என்ற விருது. கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு, வழக்கமாக 25 ஆண்டு சேவையின் பின், இந்த வெள்ளி வட்டம். வீரத்துக்காகக் கொடுப்பதன்று. ஒழுங்காக வேலைக்கு வந்ததற்காகக் கொடுப்பது. அதை அப்படியே காட்டும் சட்டம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

முன்பு விசாரித்த ஒரு நகைக்கடையில், மருந்தில் ஒரு முக்கு முக்கினால் புதிது போலாகிவிடும் என்றார்கள். இங்கே முதலாளி பூதக்கண்ணாடியை எடுத்துப் பதக்கத்தின் விளிம்பைத்தான் முதலில் பார்த்தார். அங்கேதான் அப்பப்பாவின் பெயர் பொறித்திருக்கிறது. “தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும், ரீச்சர். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார். அந்தக் கறுப்பு அழுக்கன்று, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டாவது. பழைய சட்டத்தில் பதக்கத்தின் பின்னால் ஒட்டியிருந்த சிவப்புக் கம்பளித் துணியே கந்தகத்தைக் கசியவிட்டிருக்கிறது என்றும் விளக்கினார். அதை உரித்துவிட்டு, அமிலமில்லாத அட்டையும் பருத்தித் துணியும் போட்டார். பசை ஒரு துளி கூட இல்லை. சிவப்பு, நீலம், சிவப்பு என்று மூன்று பட்டைகளாக வரும் நாடா ஓரத்தில் நைந்திருந்தது. புதிதாக மாற்றலாமா என்று கேட்டேன். நைந்த ஓரத்தைப் பின்னால் மடித்து நூலால் பிடித்துக் கொடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது சட்டத்தின் பின்புறம். பதக்கத்தின் ஒரு பக்கத்தில் அரசியின் முகம். மறுபக்கத்தில் உழைத்துக் களைத்து அமர்ந்திருக்கும் ஆடையற்ற மனிதன், கீழே ‘விசுவாசமான சேவைக்காக’ என்ற பொருளில் ஆங்கில வாசகம். (அந்த மனிதனின் கோலத்தைப் பார்த்துத்தான் அப்பம்மா அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பியே வைத்திருந்தார்.) இவர் பின்பலகைக்குக் கீல் வைத்து, இரு பக்கமும் பார்க்கும்படி செய்திருக்கிறார். கழற்றாமலே விளிம்பின் பெயரையும் படிக்கலாம். கேட்காமலே செய்த வேலை இது.

கேட்காமலே செய்த இன்னொன்று எரிச்சலூட்டியது. கடற்படை என்ற சொல் காதில் விழுந்ததும் பையன் ஒருவன் பித்தளை நங்கூரம் ஒன்றை மூலையில் பதித்து, ‘போர்வீரர்’ என்று பெயரட்டையும் அடித்துவிட்டான். அப்பப்பா கப்பலேறிப் போர்செய்தவர் அல்லர். துறைமுகத்தில் படகேறினாலே வாந்தி எடுப்பார் என்று அப்பா சொல்வார். நங்கூரத்தைக் கழற்றச் சொன்னேன். முகம் கோணாமல் கழற்றினார்கள், ஆனால் ஆணித்துளை இரண்டை மெழுகால் அடைத்தது உற்றுப் பார்த்தால் தெரிகிறது. பெயரட்டையில் இப்போது ‘பண்டகசாலை எழுதுவினைஞர்’ என்றிருக்கிறது.

9,500 ரூபா வாங்கினார்கள். சாதாரணச் சட்டத்துக்கு இது அதிகம், இந்த வேலைக்குத் தகும். சொன்ன நாளில் தரமாட்டார்கள். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கண்ணாடி நன்றாகப் பிரதிபலிக்கிறது, ஆகவே யன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம். வெயில் பட்டால் நாடாவும் வெளிறிவிடும். வாகனம் நிறுத்த அந்தத் தெருவில் இடமே இல்லை. வெள்ளவத்தைப் பக்கமிருந்து வருபவர்களுக்கு 100 ஆம் இலக்க பஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகப் பூட்டிவிடுவார்கள்.