டிராயர் யூனிட் மாட்ட வருபவருக்கு ஓடிபியை முதலிலேயே கொடுக்காதீர்கள்

கழற்றி அட்டைப் பெட்டியில் அனுப்பும் டிராயர் யூனிட், கப்போர்டு எதையாவது ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? வீட்டில் நடை பழகும் குழந்தை இருக்கிறதா? அப்படியென்றால் இதை முழுதாகப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பாப்பாவின் துணிமணி வைக்க நான்கடி உயரத்தில் ஐந்து டிராயர்கள் கொண்ட யூனிட் ஒன்று வாங்கினோம். விலை 7,499 ரூபாய். தேக்கு ஃபினிஷ், எஞ்சினியர்டு வுட், வாட்டர் ரெசிஸ்டன்ட், இன்ஸ்டலேஷன் இலவசம் என்று விளம்பரத்தில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எஞ்சினியர்டு வுட் என்று சொல்லி பிளைவுட்டும் விற்கலாம், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்பும் விற்கலாம், மரச்சிராய்களைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டும் விற்கலாம். எங்களுக்கு வந்தது பார்ட்டிகிள் போர்டு. அந்த விலைக்கு அதுதான் வரும், அதில் எனக்குக் கோபமில்லை. ஒழுங்காக மாட்டி, தண்ணீர் படாமல் வைத்தால் அது பல வருஷம் உழைக்கும். ஆனால் எதனால் செய்தது என்பதை வாங்குகிறவனிடம் சொல்ல வேண்டும். பார்ட்டிகிள் போர்டுக்கு ஐஎஸ் 3087, லேமினேட் ஒட்டிய போர்டுக்கு ஐஎஸ் 12823 என்று இந்தியத் தர எண்கள் இருக்கின்றன. எங்கள் பெட்டியிலும் பலகையிலும் இரண்டுமே இல்லை.

மாட்ட ஆள் வந்தபோது வீட்டில் அப்பா மட்டும்தான் இருந்தார். வந்தவர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, “சார், ஓடிபி சொன்னாதான் ஆப்பில் வேலை ஓபன் ஆகும்” என்று கேட்டிருக்கிறார். என் போனுக்கு வந்த எண்ணை அப்பா கேட்டு வாங்கிச் சொன்னார். உண்மையில் அது வேலை முடிந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று பதிவு செய்யும் எண். பெட்டி பிரிக்கும் முன்பே எங்கள் திருப்தி பதிவாகிவிட்டது. அப்புறம் நாங்கள் எழுதிய ஒவ்வொரு புகாருக்கும், “வாடிக்கையாளர் உறுதி செய்துவிட்டார்” என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது.

வேலை எப்படி நடந்தது என்றும் சொல்கிறேன். இந்தப் பலகைகளில் ஸ்க்ரூவைக் கடைசிச் சுற்றுக்கு வந்ததும் கையால்தான் முடுக்க வேண்டும். அவர் ட்ரில் மெஷினை முழு வேகத்தில் வைத்து இறக்கியிருக்கிறார். பார்ட்டிகிள் போர்டில் ஓட்டையின் மரை ஒரு தடவை அறுந்துவிட்டால் அதே ஸ்க்ரூ மறுபடி பிடிக்காது. மேல் டிராயர் நகரும் தண்டவாளமான சேனல் ஆடுகிறதே என்று கழற்றிப் பார்த்தேன். ஓட்டைக்குள் இரண்டு தீக்குச்சித் துண்டுகளைச் செருகி, அதன்மேல் ஸ்க்ரூவை அழுத்தி வைத்திருந்தார்.

அதைவிட மோசம் பின்பலகை. மெல்லிய அட்டை மாதிரி இருக்கிறதே என்று பலரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் முழு யூனிட்டும் பக்கவாட்டில் ஆடாமல், கோணாமல் நிற்பதே அதனால்தான். ஆணி அடிக்கும் முன் மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓரம் முழுக்க நெருக்கமாக ஆணி அடிக்க வேண்டும். எங்களுடையதில் நான்கு மூலைக்கு நான்கு ஆணி, அவ்வளவுதான். மீதி ஆணிகள் பாக்கெட்டோடு பெட்டிக்குள் கிடந்தன.

அதே பாக்கெட்டில் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் எல்-கிளாம்பும் இருந்தது. “சுவரில் ஓட்டை போட 300 ரூபாய் தனி, இதெல்லாம் தேவையே இல்லை” என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் பாப்பா கீழ் டிராயர்கள் இரண்டையும் இழுத்து அதன்மேல் கால் வைத்தாள். மொத்த யூனிட்டும் முன்பக்கம் சாய்ந்தது. அம்மா பக்கத்திலேயே நின்றதால் கையால் தாங்கிவிட்டார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. இப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகுதான் 2016-ல் ஐகியா அமெரிக்காவில் ஏறத்தாழ 2.9 கோடி டிராயர் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது. துணி வைக்கும் பெட்டிகள் சாயாமல் நிற்க வேண்டும் என்று அங்கே 2022-ல் தனிச் சட்டமே வந்தது. அந்தக் கிளாம்பைத் தேவையில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

வாட்டர் ரெசிஸ்டன்ட் கதை மழைக்காலம் வரைகூடத் தாங்கவில்லை. பக்கப் பலகைகளின் அடி விளிம்பு, கால் எதுவும் இல்லாமல் நேராக டைல்ஸ் மேல் நிற்கிறது. மேலே லேமினேட் இருக்கிறது, கண்ணில் படும் விளிம்புகளில் பட்டை ஒட்டியிருக்கிறது, அடியில் மட்டும் ஒன்றுமே ஒட்டவில்லை. தினமும் மாப் போடும் ஈரத்தை அந்த வெறும் விளிம்பு உறிஞ்சியது. இப்போது நகத்தால் தட்டினால் நனைந்த ரஸ்க் போல உதிர்கிறது. வாங்கினால் முதலில் படுக்கப் போட்டு அடி விளிம்பைப் பாருங்கள். பட்டை இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் ரப்பர் புஷ் வாங்கி அடித்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.

விற்றவர் 1,000 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. இணையதளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இரண்டும் நடக்காததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களுக்கு விற்ற பக்கத்தில் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்ற வரி இப்போது இல்லை. என் மனைவி அன்று எடுத்து வைத்த படம்தான் எங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

உங்கள் வீட்டிலும் கிளாம்ப் அடிக்காத டிராயர் யூனிட் நின்றால், கனமான சாமான்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு இன்றைக்கே ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சுவரோடு பிடிக்கச் சொல்லுங்கள்.