ஹாரன் ஊமை, ஏர்பேக் விளக்கு அணையவில்லை: கிளாக் ஸ்பிரிங்குக்கு கம்பெனி பார்ட்டா, லோக்கலா, பழையதா, ஒட்டு வேலையா?

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை நன்றாக ஒடிக்க வேண்டும், கூடவே ஹாரனும் அடிக்க வேண்டும். நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி ஏறினாலும் இதே கதைதான். பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துப் பழைய வண்டிகளில் கிளாக் ஸ்பிரிங் போனால் அதன் அருமை இந்த மலைப்பாதைகளில்தான் தெரியும்.

ஸ்டீயரிங் வளையத்துக்கு அடியில், இண்டிகேட்டர் சுவிட்சை ஒட்டி உட்கார்ந்திருக்கும் வட்டமான பிளாஸ்டிக் பெட்டி இது. உள்ளே செப்புக் கோடுகள் ஓடும் தட்டையான ரிப்பன் சுருண்டு கிடக்கும். நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் இரண்டரைச் சுற்று விரிந்து சுருங்க இடம் உண்டு. ஹாரன், ஆடியோ பட்டன், டிரைவர் ஏர்பேக் மூன்றுக்கும் கரண்ட் இதன் வழியாகத்தான் போகிறது. ஸ்பேர் கவுண்டரில் கேட்கும்போது மாருதிக்கு காண்டாக்ட் காயில், டொயோட்டாவுக்கு ஸ்பைரல் கேபிள், ஹோண்டாவுக்கு கேபிள் ரீல் என்று சொன்னால் சட்டென்று எடுத்துத் தருவார்கள்.

காசைச் செலவழிக்கும் முன் பழுது இதில்தானா என்று பாருங்கள். ஹாரன் மட்டும் அடிக்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஹாரனின் எர்த் மூன்றையும் முதலில் சோதிக்க வேண்டும். ஏர்பேக் விளக்கு மட்டும் எரிகிறது என்றால் சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளியே அது லூஸாகும். ஹாரன், பட்டன், விளக்கு எல்லாம் ஒன்றாகக் கோளாறு காட்டினால், அல்லது ஸ்டீயரிங் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருக்கும்போது மட்டும் ஹாரன் அடித்தால், சந்தேகமே வேண்டாம், ரிப்பன்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். டிரைவர் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் ஒரே மாடலிலேயே ஏர்பேக் உள்ளதும் இல்லாததும் உண்டு. ஏர்பேக் இல்லாத பல அடிப்படை மாடல்களில் ரிப்பனே கிடையாது. ஒரு சின்ன ஸ்பிரிங் முனை செப்பு வளையத்தில் உரசிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அங்கே நைஸ் எமரி பேப்பரால் வளையத்தைத் தேய்த்துத் துடைத்து, கிரீஸை மெல்லிசாகப் பூசினாலே ஹாரன் திரும்பிவிடும். பார்ட் மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால் நான்கு வழி.

கம்பெனி பார்ட்தான் விலை அதிகம். ஸ்டாக் இல்லாவிட்டால் ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் ஷேஸி நம்பரைக் கொடுத்து எடுத்தால் கனெக்டரும் அதிலுள்ள பின்களின் எண்ணிக்கையும் சரியாகப் பொருந்தும். ரிப்பன் சரியாக நடுவில் நிறுத்தப்பட்டு, அசையாமல் பூட்டு முள்ளோ ஸ்டிக்கரோ போட்டு வரும். விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். எந்தப் பார்ட் போட்டாலும் ஏர்பேக்கையும் ஸ்டீயரிங்கையும் கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான். மலிவான பார்ட் ஒரு வருஷத்தில் போனால் அந்தக் கூலி இரண்டு மடங்காகும்.

லோக்கல் பார்ட் படத்தில் பார்த்தால் அச்சு அசலாக இருக்கும். குறை உள்ளே. ரிப்பன் மெல்லியதாக இருந்தால் மடிப்பில் சீக்கிரம் விரிசல் விடும். பெட்டி சரியாக வார்க்கப்படாவிட்டால் ஸ்டீயரிங் திருப்பும்போது கரகரவென்று உரசும். பெட்டியின் அடியில் இண்டிகேட்டரைத் தானாகத் திருப்பிவிடும் ஒரு சின்னப் பல் இருக்கும். அது ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் வளைவு முடிந்த பிறகும் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். கிளாக் ஸ்பிரிங்கின் மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு ஷார்ட்டிங் தகடு உண்டு. கனெக்டரைப் பிரித்ததும் ஏர்பேக்கின் இரண்டு முனைகளையும் தானாக இணைத்து, தவறுதலாக வெடிக்காமல் காப்பது அதன் வேலை. அந்தத் தகடே இல்லாத பார்ட்டுகளும் விற்கின்றன. கவுண்டரிலேயே பழையதைப் பக்கத்தில் வைத்துப் பல், பின், தகடு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் இதற்கு வழியே இல்லை. அதனால் ஏர்பேக் வண்டிக்கு லோக்கல் பார்ட்டைப் பரிந்துரைப்பதற்கில்லை. ஏர்பேக் இல்லாமல் ஹாரனும் ஆடியோ பட்டனும் மட்டும் உள்ள வண்டிக்குத் தாராளமாகப் போடலாம்.

பழைய பார்ட் என்றால் கோவைக்காரர்களுக்கு உக்கடம், கேரளப் பக்கம் உள்ளவர்களுக்குக் குற்றிப்புரம். கம்பெனியே தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கு இதுதான் நிஜமான வழி. லோக்கலைவிட இது மேல் என்றே சொல்லலாம், சோதித்து எடுத்தால். முதலில் பின்களைப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. தண்ணீர் குடித்த வண்டியின் பார்ட் என்றால் செப்பு முனையில் பச்சை பூத்திருக்கும், பெட்டி இடுக்கில் வண்டல் தெரியும். அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். ஏர்பேக் வெடித்த வண்டியிலிருந்து எடுத்ததும் வேண்டாம். பிறகு மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இரு முனையிலும் தொட்டுக்கொண்டு ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். எங்காவது ஒரு நொடி பீப் விட்டாலும் அந்த இடத்தில் கோடு வெடித்திருக்கிறது. இந்தச் சோதனை கழற்றிய கிளாக் ஸ்பிரிங்கில் மட்டும்தான். ஏர்பேக்கின் முனையில் மீட்டரை வைக்கவே கூடாது, மீட்டரின் கரண்டே அதைத் தூண்டக்கூடும்.

நான்காவது, ஒட்டு வேலை. பெட்டியைப் பிரித்து, அறுந்த ரிப்பனைச் சுரண்டி, சால்டரிங் வைத்து டேப் சுற்றுவது. சால்டரிங் வைத்த இடம் விறைத்துவிடும், ரிப்பன் அங்கே வளையாது. அதற்குப் பக்கத்திலேயே அறுந்து நிற்கும். ஹாரன் கோட்டை மட்டும் அவசரத்துக்கு ஒட்டி ஊர் வந்து சேரலாம். ஏர்பேக் கோட்டில் இது ஆகாது.

இதைவிட மோசமான ஐந்தாவது வழி ஒன்று உண்டு. “அண்ணே, பார்ட்டெல்லாம் எதுக்கு, லைட்டை அணைச்சுத் தர்றேன்” என்று யாராவது சொன்னால், ஏர்பேக் கனெக்டரில் இரண்டு மூன்று ஓம் ரெசிஸ்டரைச் செருகப் போகிறார் என்று அர்த்தம். வண்டியின் ஏர்பேக் கம்ப்யூட்டர் அதை ஏர்பேக் என்று நம்பிவிடும், விளக்கு அணையும், மோதினால் பை விரியாது. சிலர் பல்பையே கழற்றிவிடுகிறார்கள். பழைய வண்டி வாங்குவோர் சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லை என்றால் பேரத்தை நிறுத்துங்கள். ரெசிஸ்டரை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, கவரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

எந்தப் பார்ட் என்றாலும் மாட்டும் முறையில் தப்பினால் காசு வீண். சக்கரங்களை நேராக நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிஷமாவது விடுங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டரின் கெபாசிட்டரில் தேங்கிய கரண்ட் வடிய வேண்டும். ஏர்பேக் சில வண்டியில் பக்கவாட்டு டி30 டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) போல்ட்டில் நிற்கும், சிலதில் ஸ்பிரிங் கிளிப்பில். கழற்றியதும் மேல்முகம் வானத்தைப் பார்க்க வையுங்கள். நடு நட்டைத் தளர்த்தும் முன் ஸ்டீயரிங்குக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரையில் விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பிய்த்துக்கொண்டு மூக்கில் இடிக்கும்.

பழைய பார்ட் போடுகிறவர்கள் நடு நிலையைக் கண்டுபிடிக்காமல் மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து மறு எல்லைவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்து, அம்புக்குறி நேராக நிற்கும்படி மாட்டுங்கள். ஒரு சுற்று பிசகினாலும் நேர்ரோட்டில் எதுவும் தெரியாது, கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது ரிப்பன் பிய்ந்துவிடலாம். ஸ்டீயரிங் ராக் வேலைக்கு விடும்போதும் இதே ஆபத்துதான். ஸ்டீயரிங் தண்டை ராக்கோடு இணைக்கும் ஜாயிண்ட்டைக் கழற்றிய பிறகு ஸ்டீயரிங் சும்மா சுற்றக்கூடாது, சீட் பெல்ட்டால் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி மாட்டியபின் ஹாரனை அழுத்தியபடியே ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், இண்டிகேட்டர் தானாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். பழைய பழுதுக் குறியீடு (ஃபால்ட் கோட்) கம்ப்யூட்டரில் பதிந்திருந்தால் விளக்கு அணையாமல் இருக்கலாம், ஸ்கேனர் போட்டு அழிக்க வேண்டும். வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி உள்ள சில வண்டிகளில் ஸ்டீயரிங் கோண சென்சாரும் இதே பெட்டிக்குள் இருப்பதால் அதையும் ஸ்கேனரில் செட் செய்ய வேண்டும். வேலையை ஒப்படைக்கும் முன்பே அந்தக் கடையில் உங்கள் வண்டிக்கான ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.