வீட்டுப் படிப்புக்கு வாங்கிய சிவப்பு வட்ட டைமர்

மகனுக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்கிறார்கள், மதிப்பீடு இன்னும் முடியவில்லை, அதற்குள் "ஸ்கூலுக்கு அனுப்பினால் தானாகச் சரியாகிவிடும், நீதான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கவே வலிக்கிறது. சரி, டைமருக்கு வருகிறேன். 60 நிமிடம் வரை வைக்கலாம், நேரம் போகப் போக சிவப்பு வட்டம் சுருங்கும், அதனால் எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இன்னும் எவ்வளவு பாக்கி என்பது பார்த்தாலே புரிகிறது. சட்டென்று வேலையை மாற்றச் சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறவன், இப்போது சிவப்பு தீர்ந்ததும் தானே கட்டைகளை எடுத்துப் பெட்டியில் போடுகிறான். நெரிசலான வகுப்பில் ஒருவனுக்காக இதை யார் பொறுமையாகத் திருப்பி வைப்பார்கள்? அப்புறம் ஒரு குறை, முடியும்போது வரும் பீப் சத்தம் ரொம்பக் கூர்மை, குறைக்க முடியாது. பின்பக்கம் சத்தத்துக்கு மட்டும் ஸ்விட்ச் இருக்கிறது, பிள்ளையிடம் காட்டும் முன்பே அதை அணைத்துவிடுங்கள்.