மெட்டல் சோலோ பழகி ஐந்து வருடம்: கையில் நின்றதும் நிற்காததும்

2020 மார்ச் ஊரடங்கில்தான் மெட்டல் சோலோ பழகத் தொடங்கினேன், அதாவது கனத்த ராக் இசையான மெட்டலில் கிட்டார் தனியாக முன்னுக்கு வந்து வாசிக்கும் பகுதி. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பரா (தொழிலாளர் வரிசை வீட்டு அறை), யாரோ வாசித்துக் கைவிட்ட ஒரு எலக்ட்ரிக் கிட்டார், போனில் தாளம் தட்டும் ஒரு மெட்ரோனோம், அவ்வளவுதான். சொல்லித்தர ஆள் இல்லை. ஐந்து வருடம் தாண்டிவிட்டது. எந்தப் பயிற்சி பலன் தந்தது, எது நேரத்தைத் தின்றது என்று சொல்ல இப்போது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஆல்டர்னேட் பிக்கிங். தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக்கைக் கீழே ஒன்று, மேலே ஒன்று என மாற்றி மாற்றி அடிப்பது. 60 பி.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டில், தொடங்கு, பிழையில்லாமல் வந்தால் ஐந்து ஏற்று என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் ஏற்றினேன். 110 வரை ஒழுங்காகப் போனது, அதோடு நாலு மாதம் அசையவில்லை. மெதுவாக வாசிக்கும்போது மணிக்கட்டு ஒரு விதமாக ஆடுகிறது, வேகத்துக்கு வேண்டிய ஆட்டம் வேறு. நடையை எவ்வளவு பழகினாலும் ஓட்டம் வராது இல்லையா, அதே கதை. அப்புறம் ஆறே ஆறு சுரத்தை எடுத்து 140இல் ஒரு வீச்சில் அடித்துவிட்டு நிறுத்தினேன். முதலில் அலங்கோலமாகத்தான் வந்தது. ஆட்டம் பிடிபட்ட பிறகு சுத்தம் பண்ண நேரம் இருந்தது. மெல்லிய பிக்கை விட்டு 1.5 மில்லிமீட்டர் பிக்குக்கு மாறியதும் கைகொடுத்தது. இன்று 140இல் ஒரு தட்டுக்கு நாலு சுரம், அதாவது நொடிக்கு ஒன்பதுக்கு மேல், வரும். காலையில் குளிருக்கு விரல் விறைத்திருந்தால் வராது.

2022இல் கரண்ட் வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. சரி, ஆம்ப் (சத்தம் கூட்டும் பெட்டி) இல்லாவிட்டால் என்ன என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் வெறும் கிட்டாரில் பழகினேன். தந்திகளைக் குறுக்கே வழிக்கும் ஸ்வீப், வலது கை விரலாலும் தந்தியைத் தட்டி வாசிக்கும் டேப்பிங் இரண்டும் அந்த மாதங்களில் கற்றவைதான். காதுக்கு அழகாகவே கேட்டன. தேறிவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

கரண்ட் ஒழுங்காக வந்த ஒரு சாயங்காலம் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனை முழுதாகத் திறந்து அதையே வாசித்தேன். ஒரே இரைச்சல், கீச்சல், நடுவில் எங்கேயோ சோலோ. பக்கத்துக் காம்பரா மாமா சுவரைத் தட்டி, "தம்பி, ரேடியோவுக்கு ஸ்டேஷன் புடிக்கலயா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

டிஸ்டோர்ஷனின் அளவைக் கூட்டும் கெயினை ஏற்றினால் சின்னச் சத்தமும் பெரிய சத்தத்தின் உயரத்துக்கு வந்து நிற்கும். விரல் தந்தியை விட்டு எழும் சத்தம், தொடாத தந்தி தானாக அதிரும் சத்தம் எல்லாம் வெளியே வரும். வெறும் கிட்டாரில் இவை கேட்கவே கேட்காது. ஆகவே வாசிக்காத தந்திகளை அடக்கி வைப்பது தனி வேலை. வலது உள்ளங்கையின் ஓரம் தடித்த தந்திகள்மேல் படுத்திருக்க வேண்டும். இடது ஆட்காட்டி விரலின் நுனி வாசிக்கும் தந்திக்கு மேலே உள்ளதை லேசாக முட்ட வேண்டும், விரலின் அடிப்பக்கம் மெல்லிய தந்திகளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வீடியோவில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால்தானோ என்னவோ இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் மெட்டல் சோலோவில் பாதி இதுதான். கற்ற எல்லாவற்றையும் திரும்ப 70இலிருந்து பழக ஒரு வருடம் போனது. இப்போது எவ்வளவு மெதுவான பயிற்சியானாலும் ஹெட்போன் போட்டு டிஸ்டோர்ஷனோடுதான்.

ஸ்வீப் பற்றி உண்மையைச் சொன்னால், உழைப்பு அதிகம், உபயோகம் குறைவு. பிக்கை ஒரே இழுவையில் தந்திகளுக்குக் குறுக்கே விடும்போது ஒவ்வொரு விரலும் தன் சுரம் ஒலித்ததும் எழ வேண்டும். எழாவிட்டால் எல்லாச் சுரமும் ஒன்றாக ஒலித்து கோர்டாகக் குழம்பிவிடும். மூன்று தந்தியில் வருகிறது, ஐந்து தந்தியில் இறங்கும்போது இன்னும் தடுமாற்றம். டேப்பிங் லேசு. தங்கச்சியின் முடி பேண்டை கழுத்தின் முதல் ஃப்ரெட் (குறுக்குக் கம்பி) பக்கம் மாட்டிவிட்டால் சும்மா கிடக்கும் தந்திகளும் அடங்கும். பேண்டைத் திருப்பிக் கொடுக்காதது தனிப் பஞ்சாயத்து.

நான் கடைசியாகக் கவனித்தது பெண்டும் வைப்ராட்டோவும். முதலில் கவனித்திருக்க வேண்டும். தந்தியை மூன்று விரலால் தள்ளி, இரண்டு ஃப்ரெட் தள்ளியிருக்கும் சுரத்தில் சரியாக நிறுத்தி, அங்கே அகலமாக, தாளத்தோடு அசைக்க வேண்டும். இதற்கு விரல் பலத்தைவிட மணிக்கட்டின் திருப்பம்தான் முக்கியம். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து அசைப்பதைக் கேட்ட காதுக்கு இது புதிதில்லை. மெட்டலில் அடிக்கடி வரும் ஹார்மோனிக் மைனர் ஸ்கேல் நம்முடைய கீரவாணி ராகம்தான், அதையே பஞ்சமத்திலிருந்து வாசித்தால் வகுளாபரணம். இது தெரிந்த பிறகு ஸ்கேல் படத்தை மனப்பாடம் செய்வதை விட்டேன், பாடிப் பார்த்து விரலில் தேடினேன். மாமாவும் இப்போது, "அந்த இழுத்து அழுற மாதிரி ஒன்னு வாசிப்பியே" என்று கேட்கிறார்.

கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன கை அம்மாவுடையது. என் விரல் நுனியைத் தடவிப் பார்த்து, "ஒனக்கும் வந்துருச்சா?" என்றார். விரல் வலிக்கிறது என்று சிணுங்குபவர்களுக்கு நான் பிளாக் சபாத் கிட்டார்காரர் டோனி அயோமியைச் சொல்வேன். 17 வயதில் பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனி போனது. பிளாஸ்டிக்கை உருக்கி உறை செய்து மாட்டி, மெல்லிய தந்தி போட்டு வாசித்தார்.

கிட்டார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. என்னுடையதில் தந்திகளைத் தாங்கும் பாலம் ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி, ஸ்பிரிங்கில் மிதந்து ஆடும் வகை. ஒரு தந்தி அறுந்தால் ஆறும் சுருதி விலகும், மாற்றுத் தந்தி கொழும்பிலிருந்து வர ஒரு வாரம். விற்றவர் இதை வாயே திறக்கவில்லை. பழைய தேயிலைப் பெட்டியின் பலகைத் துண்டைச் செதுக்கிப் பாலத்துக்குப் பின்னால் செருகி அசையாமல் செய்துவிட்டேன். இப்போது ஒன்று அறுந்தாலும் மற்ற ஐந்தில் பழகலாம். பனிக்குத் தந்தி மூன்றே வாரத்தில் கறுக்கிறது, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் ஆறு வாரம் ஓடும். தென்மேற்கு மழை பிடித்ததும் கழுத்து லேசாக வளையும். போன ஜூலையில் கழுத்துக்குள் இருக்கும் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்றுத் திருப்பினேன், இந்த முறை இன்னும் தொடவில்லை.