வேலூர் ஆக்டிங் டிரைவர் சேவை: ஒரு மதிப்புரை

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் நம் காரை நம் வீடுவரை ஓட்டிவந்து விடுவதற்கென்றே ஆள் அனுப்பும் ஆக்டிங் டிரைவர் சேவைகள் சில நடக்கின்றன. அவற்றில் ஒன்றை, திருமண வரவேற்பு, மைத்துனர்கள் ஒன்றுகூடும் கிடா விருந்து என மது புழங்கும் என்று முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சிகளுக்கு எங்கள் வீட்டில் அழைத்துவருகிறோம். அதன் நிறைகுறைகளை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் குடித்துவிட்டு ஓட்டி உயிரைப் பறித்தவருக்கு எவ்வளவு தண்டனை தகும் என்று நடந்துவரும் விவாதத்தில், கையருகே இப்படியொரு மாற்று வழி இருந்ததா என்ற கேள்வியை யாரும் அழுத்திக் கேட்பதில்லை; அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சேவை. தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ நேரத்தையும் இடத்தையும் சொன்னால் ஆளின் பெயரும் உரிமத்தின் படமும் வந்துவிடுகின்றன. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தொகை, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, இரவு நேரமானால் தனியாக நைட் பேட்டா என்பது கணக்கு. எல்லாம் சேர்த்தும் ஆயிரம் ரூபாயைத் தொட்டதில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர்கள், லாரியிலோ பள்ளி வேனிலோ பல ஆண்டுகள் ஓட்டியவர்கள். கிரீன் சர்க்கிளில் சர்வீஸ் சாலையிலிருந்து ஏறும் பேருந்துகளுக்கு வழிவிட்டு, பாலாற்றுப் பாலத்தில் முந்துவதற்கு அவசரப்படாமல் அவர்கள் ஓட்டுவதைப் பார்த்தால், குடிக்காத நாளிலும் இவர்களையே அழைக்கலாம் என்று தோன்றும். போதையில் இருப்பவர் வழியில் இன்னொரு கடையில் நிறுத்தச் சொன்னால் மறுக்கவும் தெரிந்திருக்கிறது. ஒருமுறை வந்த பெரியவர் சொன்னார்: "சார், சாவிய அவங்களே நீட்டுறது ரொம்பக் கம்மி. வீட்டம்மா கைலருந்துதான் எங்களுக்கு வரும்." இச்சேவைக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை பெண்களிடமிருந்தே வருகின்றனவாம்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், விபத்து நேராவிட்டாலும் அது குற்றம். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு முதல்முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். உயிர் போய்விட்டாலோ வழக்கு இரண்டு பாதைகளில் ஒன்றைப் பிடிக்கிறது. ஒன்று, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டே ஆண்டுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுகள். மற்றொன்று, மரணம் விளையக்கூடும் என்று அறிந்தே செய்த செயல், அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல்: இதற்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை. கொல்லும் எண்ணம் இருந்ததா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. அறிந்திருந்தாரா என்பதுதான் கேள்வி. தானாக ஏற்றிக்கொண்ட போதை அந்த அறிவைத் துடைத்துவிடாது என்பதும் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது.

எந்தப் பாதை என்பதில் நீதிமன்றங்கள் ஒரே சீராக நடக்கவில்லை. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய ஏழு பேர் கார் ஏறி இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில் விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். உயர் நீதிமன்றம் அறிந்தே செய்த குற்றம் என்று மூன்று ஆண்டுகளாக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே 2012இல், 1999ஆம் ஆண்டு டெல்லி லோதி காலனியில் ஆறு பேர் இறந்த சஞ்சீவ் நந்தா வழக்கிலும் குற்றம் கடுமையான பிரிவுக்கு மாறியது. ஆனால் ஏற்கெனவே அனுபவித்த இரண்டு ஆண்டுச் சிறையே போதும், 50 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டுச் சமூக சேவையும் சேர்த்து என்று முடிந்தது. 2024 மே மாதம் புனேயில் இரண்டு மென்பொருள் பொறியாளர்களைப் பலிகொண்ட சொகுசுக் கார் வழக்கில் 17 வயதுச் சிறுவனுக்கு ஜாமீன் நிபந்தனைகளுள் ஒன்றாக 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்னதும், இரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவர்கள் கைதானதும் எழுப்பிய கொந்தளிப்பில், ஆண்டுகளை ஏற்று என்ற ஒரே முழக்கம்தான் மிஞ்சியது.

என் பார்வையில் ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, மரணம் விளையக்கூடும் என்ற அந்த அறிவை எதைக்கொண்டு நிறுவுவது என்பது பெரிய கேள்வி. தன் அலைபேசியில் ஆக்டிங் டிரைவரின் எண்ணை வைத்திருப்பவர், சென்ற மாதம் அதே மண்டபத்திலிருந்து அதே சேவையில் வீடு வந்தவர், இன்று பணம் எதற்கு என்று தானே ஓட்டி ஒருவரைக் கொன்றால், அதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆபத்து தெரியும், அதற்கு மாற்றும் தெரியும், அதன் விலையும் தெரியும். அத்தகையவர்மீது கடுமையான பிரிவைப் பதிய, முந்தைய அழைப்புப் பதிவுகளைக் காவல் துறை கேட்டு வாங்கலாம். அழைத்தும் ஆள் கிடைக்கவில்லை என்று பதிவு காட்டினால்? அப்போதும் காட்பாடி ரயில் நிலைய வாசலில் இரவெல்லாம் ஆட்டோ நிற்கிறது.

ஆனால் இதே அளவுகோல் எல்லாருக்கும் பொருந்தாது. சேவையின் குறைகள் இங்கேதான் வருகின்றன. டாஸ்மாக் கடைகள் இரவு 10 மணிக்கு மூடுகின்றன. தேவை உச்சம் தொடும் அந்த நேரத்துக்குப் பிறகு புதிய அழைப்பை இவர்கள் எடுப்பதில்லை, முன்பதிவு இருந்தால் மட்டுமே வருகிறார்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் என்றால், திரும்பி வர வண்டி இல்லை என்று பகலிலேயே மறுத்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இது கார் வைத்திருப்பவனுக்கான சேவை. ஒயின் ஷாப் வாசலில் வரிசையாக நிற்பவை பைக்குகள். அந்தப் பைக்கை வீட்டில் கொண்டுபோய் விட இந்த ஊரில் எவரும் கிடையாது. கிராமத்துக்குக் கடைசிப் பேருந்தும் போய்விட்ட பின் பைக்கை உதைத்துக் கிளப்புபவரும், நட்சத்திர விடுதி வாசலில் சாவியைப் பணியாளரிடமிருந்து பறித்துக்கொள்பவரும் ஒரே பிரிவில் ஒரே தண்டனை பெறுவது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருவரும் குற்றவாளிகளே, அறிவின் கனம்தான் வேறு. குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டத்தில் எழுதிவிட்டால் இந்த வேறுபாட்டைப் பார்க்கும் வாய்ப்பு நீதிபதிக்கு இல்லாமல் போகும்.

தப்பி ஓடுவது இன்னொரு சிக்கல். விபத்திடத்திலேயே நின்றவரின் மூச்சில் அளவு பதிவாகிறது. ஓடி ஒளிந்து மறுநாள் வழக்கறிஞருடன் வருபவரின் இரத்தத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. தகவல் சொல்லாமல் ஓடுவதற்குப் பத்து ஆண்டுகள் வரை விதிக்கும், நியாய சன்ஹிதாவின் அதே 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டு, மற்றப் பிரிவுகளோடு சேர்ந்து நடைமுறைக்கு வரவில்லை. ஓட்டுநர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. நின்றால் கூட்டம் அடிக்கும் என்பது வெறும் சாக்கு அல்ல. ஆனால் ஓடியவனுக்கே இலாபம் என்ற நிலை நீடிக்கும்வரை எந்தத் தண்டனை உயர்வும் பாதி வேலைதான் செய்யும்.

சேவைக்குத் திரும்பினால், இரண்டு குறைகளை உடனே சரிசெய்யலாம். அனுப்பும் ஓட்டுநரே குடிக்காமல் வருகிறாரா என்று சோதிக்கும் ஏற்பாடு இல்லை. மூச்சுச் சோதனைக் கருவி ஒன்றை அலுவலகத்தில் வைப்பது பெரிய செலவல்ல. அடுத்து காப்பீடு: காருக்கான பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்கானது, ஆக்டிங் டிரைவருக்கு அது பொருந்தாது. கூலிக்கு ஓட்டுபவருக்கான கூடுதல் பிரீமியம் மிகச் சிறியது என்றாலும் பதிவு செய்யும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நேரம் தவறாமை, ஓட்டும் திறன், கட்டணம் மூன்றிலும் நிறைவு. இரவுச் சேவையில் பாதிக்கும் கீழே. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் எல்லைக்குள் விருந்து என்றால் மதியமே பதிவு செய்து, பேட்டாவையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் என்றால், இப்போதைக்குச் சொந்தக்காரர் வீட்டில் பாய் தலையணை கேட்டுப் படுத்துவிட்டுக் காலையில் கிளம்புவதுதான் வழி.