நெல்லை வெயிலிலும் சத்தம் போடாத டெஸ்க்டாப்: சில வருட அனுபவம்

வீட்டு டெஸ்க்டாப்பின் இரைச்சலைக் குறைக்க நான் மெனக்கெட ஆரம்பித்ததற்குக் காரணம் குரல் பதிவு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அதைத் தாண்டிக் கல்லூரி வரை படிக்கிற பார்வையற்ற பிள்ளைகளும் திருநெல்வேலி வட்டாரத்தில் உண்டு. அவர்களில் சிலருக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பி வருகிறேன். காதை மட்டுமே நம்பிப் படிக்கிற ஒருவருக்கு, ஒரு மணி நேரப் பாடம் முழுக்கப் பின்னால் 'உஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு அலுப்பாக இருக்கும்! இரைச்சலை சாஃப்ட்வேர் வைத்து நீக்கலாம்தான். ஆனால் கொஞ்சம் அழுத்தி நீக்கினால் சகரமும் மூச்சும் சேர்ந்து தேய்ந்து, குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் சத்தத்தை அது பிறக்கிற இடத்திலேயே குறைப்பது என்று முடிவு செய்தேன்.

எவ்வளவு குறைந்தால் போதும் என்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஒலிப்புத்தகங்களை விற்கும் ஆடிபிளுக்கு அவற்றை அனுப்பும் ஏசிஎக்ஸ் தளம், பேச்சு இல்லாத இடத்தில் பின்னணி ஒலி மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நான் அங்கே எதையும் அனுப்புவதில்லை, ஆனாலும் அந்த எண்ணையே இலக்காக வைத்துக்கொண்டேன். மொபைலில் கிடைக்கும் டெசிபல் ஆப்களை இந்த வேலைக்கு நம்ப முடியாது, அமைதியான அறையில் அவை காட்டுகிற எண்ணுக்கு அர்த்தம் குறைவு. அதே மைக், அதே இடம், அதே கெயின் (மைக் ஒலியைக் கூட்டும் அளவு) வைத்து அரை நிமிடம் வெறுமனே பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் அளவைப் பார்ப்பதுதான் நேர்மையான ஒப்பீடு. மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட அமைதி கூடும். எனக்கு ஆரம்பத்தில் மைனஸ் 46 பக்கம் நின்றது.

கம்ப்யூட்டர் சத்தம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் நாலைந்து சத்தங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. மெசினை ஓடவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் அது தகட்டின் அதிர்வு. அப்புறம் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஃபேனின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் வட்டத்தில் விரல் நுனியை வைத்து மெதுவாக அழுத்தி ஒரு நொடி நிறுத்துங்கள் (இறக்கையில் விரல் படக் கூடாது). எந்த ஃபேன் நிற்கும்போது அறை அமைதியாகிறதோ அதுதான் ஆள். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு பாகத்தின் அருகே கொண்டு போனால், ஹார்ட் டிஸ்க்கின் முனகலும், மெசினுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மெல்லிய கீச்சொலியும் தனித்தனியாகக் கேட்கும். என் மெசினில் முதல் குற்றவாளி பிராசசர் மேல் இருந்த 92 மில்லிமீட்டர் கூலர். இரண்டாவது, கேபினெட் தகட்டோடு சேர்ந்து ரீங்கரித்த ஹார்ட் டிஸ்க்.

இனி நம் ஊருக்கே உரிய பிரச்சினைக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் கூலர் விமர்சனங்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் சோதித்து எழுதியவை. அக்னி நட்சத்திரத்தில் நம் மொட்டை மாடிக்குக் கீழ் அறை எப்படி இருக்கும்? வெளியே 38, 39 அடிக்கும்போது உள்ளே மதியத்துக்கு மேல் 36 சாதாரணம், தளத்துச் சூடு ராத்திரி பத்து மணிக்கும் இறங்காது. ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசசரும் ஏறும். அவர்களுக்கு 65 காட்டும் கூலர் நமக்கு 80 காட்டும். ஃபேன் அதைப் பார்த்து அலறத் தொடங்கும். நல்ல ஃபேனாகத் தேடி வாங்கிப் போட்டும் பலருக்குச் சத்தம் குறையாததற்குக் காரணம் இதுதான். ஃபேனை மாற்றுவதற்கு முன்னால், உண்டாகும் சூட்டைக் குறைக்க வேண்டும்.

அதற்குக் காசே செலவில்லை. பிராசசர் பெட்டியில் 65 வாட் என்று அச்சடித்திருந்தாலும், ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் பிராசசர்கள் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இன்டெல்லிலும் இதே கதைதான்: கோர் ஐ5-12400க்கு அடிப்படை 65 வாட், வேகம் கூட்டி ஓடும் டர்போவில் 117. மெசினைப் போட்டதும் திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில், ரைசன் என்றால் ஈகோ மோட், இன்டெல் என்றால் பிஎல்1, பிஎல்2 என்று இந்த வரம்பைக் கீழே இறக்கும் இடம் பெரும்பாலான போர்டுகளில் இருக்கிறது. என்னுடையது ஆறு கோர் ரைசன். ஈகோ மோடில் 45 வாட் வகுப்புக்கு இறக்கினால் உச்ச இழுப்பு 88லிருந்து 61 வாட் ஆகிறது. அறைச் சூட்டுக்கு மேல் பிராசசர் எவ்வளவு ஏறுகிறது என்பது வாட்டுக்கு ஏறக்குறைய நேர் விகிதம். 88 வாட்டில் 45 டிகிரி ஏறினால் 61 வாட்டில் 31 டிகிரிதான் ஏறும். 36 டிகிரி அறையில் 81க்கும் 67க்கும் உள்ள வித்தியாசம் அது. வேகம் குறைந்ததா என்றால், ஒரு மணி நேரப் பதிவை எம்பி3 ஆக்கும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வீடியோ ஏற்றுமதி செய்யும்போது கொஞ்சம் தெரிகிறது. இத்தனை வருடத்தில் நான் செய்த மாற்றங்களில் மிகுந்த பலன் தந்தது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது ஃபேன். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் விழும். 10 டெசிபல் விழுந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே ஒன்றை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டை அரை வேகத்தில் ஓட்டினால், அதே காற்று வரும், சத்தம் 12 டெசிபல் போல இறங்கும். ஃபேன் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. 2022 கடைசியில் 2,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு டீப்கூல் ஏகே400 டவர் கூலர் வாங்கினேன். 120 மில்லிமீட்டர் ஃபேன், சூட்டைக் கடத்தும் ஹீட் பைப் நாலு. 155 மில்லிமீட்டர் உயரம் என்பதால் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்க வேண்டும். கேபினெட்டின் முன்னால் 140 மில்லிமீட்டரில் இரண்டு, பின்னால் 120இல் ஒன்று. மூன்றும் 600, 700 ஆர்பிஎம்மில் சுற்றுகின்றன. ஆஸ்திரியாவின் நாக்டுவா ஃபேன்கள் அருமையானவை, ஆனால் இந்த வேகத்தில் ஓட்டுகிறவருக்கு அந்த விலை தேவையில்லை. போர்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 4 பின் பிடபிள்யூஎம் ஃபேனாகவும், எண்ணெய்ப் படலத்தில் சுற்றும் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் உள்ளதாகவும் பார்த்து வாங்கினால் போதும்.

ஃபேன் வேகத்தை பயாஸில் எப்படி அமைக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. பிரவுசரைத் திறந்த உடனே பிராசசர் சூடு ஒரு விநாடிக்குப் பத்துப் பதினைந்து டிகிரி துள்ளும். ஃபேன் அதைத் துரத்திக்கொண்டு 'வ்ர்ர்ரூம்' என்று ஏறி இறங்கும். ஒரே சீராக ஓடும் மெல்லிய சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்கவே மறக்காது. எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று பயாஸில் காட்டும் வரைகோட்டை நான் 70 டிகிரி வரை ஏறக்குறையத் தட்டையாக வைத்து, அதற்கு மேல்தான் ஏற்றியிருக்கிறேன். வேகம் கூட்டுவதற்கு முன் சில விநாடி காத்திருக்கும் ஸ்டெப் அப் அமைப்பையும் போட்டிருக்கிறேன். என் முன் ஃபேன் இரண்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஊளையிடும், அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகிற மாதிரி கோடு போட்டதும் ஊளை போய்விட்டது.

ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம். 7200 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் முனகல் கேபினெட் தகட்டுக்கும், அங்கிருந்து மேசைக்கும் இறங்கும். விண்டோஸை, சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன், ஆனால் பழைய பதிவுகள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. சமாதானபுரம் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட டியூபை வாங்கி, கழுவிக் காயவைத்து, விரல் அகலத்துக்குக் கத்தரித்து, டிஸ்க்கை ஸ்குரூ இல்லாமல் அந்தப் பட்டைகளில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டேன். வேடிக்கை பார்த்த கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்கும் பஞ்சரா?" என்றார். தகடு தொடாமல் தொங்கியதும் முனகல் அடியோடு நின்றுபோனது. டிஸ்க் எந்தப் பக்கமும் இடிக்காமல், சாயாமல் கட்ட வேண்டும். மெசினை வேறு இடத்துக்குத் தூக்குவதாக இருந்தால் முதலில் டிஸ்க்கை இறக்கிவிட வேண்டும்.

தூசி விஷயத்தில் நம் ஊர் தனி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் வழியாக வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவிட்டு, நமக்குப் புழுதியைத் தருகிறது. கூலரின் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே அந்தப் புழுதி கம்பளி மாதிரி படிந்துவிட்டால், என்ன ஃபேன் போட்டும் புண்ணியமில்லை. முன்பக்கம் நைலான் கொசுவலைத் துண்டைச் சட்டம் போலக் காந்தப் பட்டையில் ஒட்டி மாட்டியிருக்கிறேன். பழைய வேட்டித் துணி போட்டால் காற்றையே அடைத்துவிடும். உள்ளே தள்ளும் ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி புகாது. காற்றுக் காலத்தில் வலையை அடிக்கடி கழற்றிக் குழாயடியில் அலசுவேன். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறான வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும். பின்பக்கம் கார்டு மாட்டும் திறப்புகள் மூடியில்லாமல் இருந்தால் பல்லி குடிவரும், அதையும் அடைத்துவிடுங்கள்.

பஞ்சு ஒட்டிய 'சைலன்ட்' கேபினெட் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: நம் வெயிலுக்கு வேண்டாம். முகம் மூடிய பெட்டிக்குள் காற்று குறைந்து, ஃபேன் வேகம் ஏறி, பஞ்சு மிச்சப்படுத்தியது எல்லாம் அதிலேயே போகும். முகத்தில் வலை உள்ள கேபினெட்தான் சரி. தண்ணீர் கூலரும் தேவையில்லை, அதில் பம்ப் சத்தம் ஒன்று கூடுதலாக வரும்.

கரண்ட் போனால் வரும் சத்தங்கள் வேறு. சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் ஓடும்போது எஸ்எம்பிஎஸ் 'ட்ர்ர்' என்று அதிரும், சீலிங் ஃபேனும் முனகும். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறியதும் இரண்டும் போய்விட்டன. யுபிஎஸ்ஸை நீளமான வயர் போட்டு ஹாலுக்கு நகர்த்திவிட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து உள் ஃபேனை மட்டும் மாற்றுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கிற அளவு மின்சாரம் தேங்கி நிற்கும்.

அறையையும் கவனிக்க வேண்டும். டைல்ஸ் தரை, கான்கிரீட் தளம், வெறும் சுவர் என்று கட்டிய நம் அறைகளில் சத்தம் எங்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது, சத்தத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. மெல்லியதாக இருப்பது ஒலியை உறிஞ்சாது, தடிமனும் துளையும் வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைக் கேபினெட்டுக்குப் பின்சுவரில், காற்று போக ஒரு முழம் இடைவெளி விட்டு நிறுத்தியதும் பதிவில் நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. கேபினெட்டை மேசையிலிருந்து இறக்கி, தரைத் தூசிக்கு எட்டாத சின்ன முக்காலியில் வைத்ததும் உதவியது.

இப்போது ராத்திரி சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால் மைனஸ் 61, 62 வருகிறது. மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாததால் பதிவை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்கிறேன். மெசின் அப்போதும் சீராகத்தான் ஓடுகிறது.

காலப்போக்கில் தேய்ந்தவற்றையும் சொல்ல வேண்டும். சைக்கிள் டியூப் பட்டைகள் சூட்டில் தொய்ந்துவிட்டன, புதிதாக வெட்டிக் கட்டினேன். பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசும் பேஸ்ட் காய்ந்து சூடு ஏழெட்டு டிகிரி ஏறியிருந்தது, துடைத்துப் புதிதாகப் போட்டதும் இறங்கியது. நம் வெயிலுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேஸ்ட் மாற்றுவது நல்லது. முன் ஃபேனில் ஒன்று மெசினைப் போட்ட முதல் அரை நிமிடம் கரகரக்கத் தொடங்கியிருக்கிறது, பேரிங் போகிற அறிகுறி. மாற்று ஃபேன் வாங்கி வைத்தாயிற்று. ஆடிக் காற்று ஓய்ந்து மெசினை முழுதாகத் திறந்து சுத்தம் செய்யும்போது அதையும் சேர்த்து மாட்டிவிடுவேன்.