100 பிரதி சிறுகதைத் தொகுப்பு: மதுரை மாசி வீதிச் சந்து அச்சகம் எப்படி?

கல்யாணப் பத்திரிகைதான் இங்கே பிரதான வரும்படி. ஆவணியிலும் தையிலும் புத்தகம் கொடுத்தால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். ஆடியில் கொடுங்கள். ஆளும் மிஷினும் சும்மா இருக்கும், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் தமுக்கம் புத்தகத் திருவிழாவுக்கும் பிரதி கைக்கு வந்துவிடும்.

அச்சு சுத்தம். டெமி அளவு (வழக்கமான கதைப் புத்தக அளவு), உள்ளே 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத வெள்ளைத் தாள், 300 ஜிஎஸ்எம் அட்டை. கறுப்பு கறுப்பாகவே விழுகிறது, பின்பக்க எழுத்து முன்னால் தெரிவதில்லை. 100 பிரதிக்கு டிஜிட்டல்தான் சரி. ஆஃப்செட்டுக்கு பிளேட் செலவே தாங்காது.

லே-அவுட்டை (பக்க வடிவமைப்பை) மட்டும் இவர்களிடம் விடாதீர்கள். பாமினி என்கிற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த ஃபைலை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறார்கள், மாற்றிய பிறகு யாரும் படிப்பதில்லை. 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகியிருக்கும். ஒற்றைக் குறி போய் ஒரு கொம்பும் 'ள'வும் உட்கார்ந்திருக்கும். 'மாரி'யில் 'ரி'க்குப் பதில் துணைக்கால் மேல் கொக்கி போட்டு 'மாாி' என்று நிற்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவதால் மெய்ப்பில் தப்பிவிடும். துணைக்காலையும் கொக்கியையும் அடுத்தடுத்து ஒட்டித் தேடுங்கள், இந்த 'ரி' பிழை மொத்தமும் மாட்டும். லே-அவுட் செய்யும் இன்டிசைன் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான வேர்ல்டு ரெடி கம்போசர் அமைப்பைப் போடாமல் விட்டால் கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு தொங்கும். நீங்களே வெளியில் லே-அவுட் முடித்து, ஃபான்ட் உள்ளே பதித்த பிடிஎஃப்பாகக் கொடுப்பது உத்தமம். பைண்டிங் பக்க ஓரத்தில் 20 மில்லிமீட்டர் காலியாக விடுங்கள். 12 விட்டால் வரியின் முதல் எழுத்தைப் புத்தகத்தைப் பிளந்துதான் படிக்க வேண்டும்.

அட்டையில் ஒரு வில்லங்கம். "முதுகு கனத்தைக் கடைசில சொல்றேண்ணே" என்பார்கள். விடாதீர்கள். 160 பக்கம் என்றால் 80 தாள். இந்தத் தாளில் சுமார் 8 மில்லிமீட்டர் வரும். டிசைனர் 11 என்று வைத்துப் போட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்குச் சரிந்துவிடும். அதே தாளில் வெற்றுப் புத்தகம் ஒன்று ஒட்டித் தரச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு அட்டையை முடியுங்கள். முழுக்கறுப்பு அட்டையும் மேட் லேமினேஷனும் சேர்ந்தால் நகம் பட்டாலே கோடு விழும். கடையில் நாலு கை மாறினால் பழைய புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

ஒட்டு வேலை பரவாயில்லை. டெலிவரி எடுக்கும்போது கட்டிலிருந்து இரண்டு பிரதியை உருவி நடுவில் விரித்து, ஒரு தாளை லேசாக இழுத்துப் பாருங்கள். தாள் கையோடு வந்தால் பசை முதுகுக்குள் இறங்கவில்லை. அங்கேயே மாற்றச் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் நீங்களே விண்ணப்பித்தால் அது இலவசம். அச்சகத்தாரின் எண்ணைப் போட்டால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்களாகிவிடுவார்கள், நாளை வேறு பதிப்பகம் மறுபதிப்பு கேட்டு வரும்போது தலைவலி.

விலையையும் அவர்கள் சொல்படி போடாதீர்கள். ஒரு பிரதியின் அடக்கம் 80 ரூபாய் என்று வையுங்கள், அட்டையில் 150 போட்டால் கடைக்காரர் கழிவு 40 சதவீதம் போக 90 வரும். மிச்சம் 10 ரூபாய் கூரியருக்கே காணாது. 200 போட்டால் 40 நிற்கும்.